லைசென்ஸ் இல்லாமல் ஓடிய சீசன்

1964-ஆம் ஆண்டுக் கோடையில் ஏதாவது ஒரு திங்கட்கிழமை மாலை வட இங்கிலாந்தின் நியூகாசில் நகரின் பிரஃப் பார்க் ஸ்டேடியத்துக்குப் போயிருந்தால், வித்தியாசமாக எதுவும் கண்ணில் பட்டிருக்காது. வந்திருப்பவர்கள் கையில் அன்றைய போட்டிப் பட்டியலும் ஒரு பென்சிலும். டிராக்கின் குறுக்கே இழுத்துக் கட்டிய தொடக்க நாடாவுக்குப் பின்னால் நான்கு பைக்குகள். காற்றில் மெத்தனாலும் ஆமணக்கெண்ணெயும் சேர்ந்து எரிகிற வாசனை. எல்லாம் வழக்கம்போலத்தான். ஆனால் அன்று அங்கே ஓடிய எல்லோருமே விளையாட்டின் விதிப்படி ஓடக்கூடாதவர்கள். நியூகாசில் ஆடிய லீக்குக்கே அந்த ஆண்டு லைசென்ஸ் கிடையாது.

அந்த லீக்கின் பெயர் பிராவின்ஷியல் லீக். மண் டிராக்கில் பைக் ஓட்டும் பந்தயமான ஸ்பீட்வேயில், பிரிட்டனின் இரண்டாம் அடுக்கு. மேல் அடுக்குக்கு நேஷனல் லீக் என்று பெயர். விளையாட்டை ஆண்ட ஸ்பீட்வே கண்ட்ரோல் போர்டு ஓர் உத்தரவு போட்டது, கீழ் அடுக்குக்காரர்கள் அதை ஏற்க மறுத்தார்கள், உரிமம் போனது, போனால் போகட்டும் என்று சீசனை நடத்தி முடித்தார்கள். 'கறுப்பாக' ஓடினார்கள் என்று அப்போது சொன்னார்கள். பிரிட்டிஷ் ஸ்பீட்வே வரலாற்றில் மேல் அடுக்கின் எந்தச் சீசனையும்விட இந்தக் கீழ் அடுக்குச் சீசன்தான் முக்கியமானது என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்ல, முதலில் விளையாட்டையே கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

ஸ்பீட்வே பைக்கில் பிரேக் கிடையாது. கியர் ஒன்றே ஒன்று. 500 சிசி, ஒற்றை சிலிண்டர், பெட்ரோலுக்குப் பதில் மெத்தனால். அந்தக் காலத்தில் பெரும்பாலும் ஜேப் எஞ்சின். செக்கோஸ்லோவாக்கியாவின் எஸோ மெதுவாக நுழைந்துகொண்டிருந்தது. எஞ்சினுக்கு ஊற்றிய ஆமணக்கெண்ணெய் நம் வீடுகளில் விளக்கெண்ணெய் என்று சொல்வோமே, அதே வகைதான். கடும் சூட்டிலும் அதன் வழுவழுப்புக் குறையாது. ஒருமுறை அந்தப் புகையை முகர்ந்தவர்கள் ஆயுசுக்கும் மறப்பதில்லை என்று ரசிகர்கள் சொல்வார்கள்.

டிராக் நீள்வட்டம், தரை தளர்ந்த மண். நான்கு பேர், நான்கு சுற்று, எப்போதும் இடப்பக்கமாகவே திருப்பம். ஒரு ஹீட், அதாவது ஓர் ஓட்டம், ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். வளைவில் என்ன நடக்கிறது என்பதை நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். ஓட்டுபவர் இடது காலைத் தரையில் ஊன்றுகிறார். அந்தப் பூட்ஸின் அடியில் இரும்புத் தகடு பூட்டியிருக்கிறது. பின் சக்கரம் வெளிப்பக்கமாக வழுக்கிக்கொண்டு போகிறது. பைக் இடப்பக்கம் திரும்ப, ஹேண்டில்பாரோ வலப்பக்கம் திரும்பியிருக்கிறது. இந்த நிலையில் ஆக்ஸிலரேட்டரைக் குறைப்பதைவிட முறுக்குவதுதான் பெரும்பாலும் பாதுகாப்பு. பிரேக் இல்லாத வண்டியில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது அந்த வழுக்கல்தான். பின்னால் வருபவரின் முகத்தில் மண் மழைபோல அடிக்கும். அதனால்தான் நாடா மேலே பறக்கிற அந்த முதல் இரண்டு விநாடிகளில் ஹீட்டில் பாதி தீர்மானமாகிவிடுகிறது.

லீக் ஆட்டத்தில் ஒவ்வொரு ஹீட்டிலும் அணிக்கு இரண்டு பேர். முதலில் வந்தவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை. ஒரு ஹீட்டுக்கு மொத்தம் 6. பிராவின்ஷியல் லீக்கில் 13 ஹீட்டுகள், ஆக 78 புள்ளிகள். 40 எடுத்தால் ஜெயம். கூட்டத்தில் எல்லோரும் பென்சிலோடு உட்கார்ந்திருந்தது இதற்காகத்தான். ஒவ்வொரு ஹீட் முடிந்ததும் கட்டங்களை நிரப்பிக் கூட்டிப் பார்ப்பார்கள். இன்றும் அந்தப் பழக்கம் போகவில்லை.

பிரிட்டனுக்கு இந்த விளையாட்டு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. 1928 பிப்ரவரி 19 அன்று லண்டனுக்கு வெளியே, எப்பிங் காட்டை ஒட்டிய ஹை பீச்சில் நடந்த போட்டியைத்தான் பொதுவாகத் தொடக்கமாகச் சொல்கிறார்கள். அடுத்த ஆண்டே லீக்குகள் வந்துவிட்டன. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கூட்டம் அலைமோதியது. 1950-இல் வெம்ப்ளியில் நடந்த உலக இறுதிப் போட்டியைப் பார்க்க வந்தவர்கள் 93,000 பேர். மூன்று டிவிஷன்கள் ஓடிய காலம் அது.

அப்புறம் சரிவு. கால்பந்துக்குப் போட்டதைவிட அதிக கேளிக்கை வரி ஸ்பீட்வேயின் தலையில் விழுந்தது. அதை எடுத்தபோது 1957 ஆகிவிட்டது. அதற்குள் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்து, மாலையில் வெளியே கிளம்பும் பழக்கமே குறைந்திருந்தது. 1957 தொடக்கத்தில் வெம்ப்ளி ஸ்டேடியத்தின் தலைவர் சர் ஆர்தர் எல்வின் இறந்தார். வெம்ப்ளி லயன்ஸ் அணியும் அத்தோடு விலகியது. அந்த ஆண்டிலிருந்து ஒரே ஒரு லீக்தான். 1959-இல் அதிலும் பத்துக்குக் குறைவான அணிகள். நாடு முழுக்கப் பழைய டிராக்குகளில் புல் முளைத்துக் கிடந்தது.

பிராவின்ஷியல் லீக் பிறந்தது இந்த இடத்தில்தான். மைக் பார்க்கர் என்ற ப்ரொமோட்டரும் (அணியையும் போட்டிகளையும் நடத்துபவர்), ரெஜ் ஃபியர்மன் என்ற முன்னாள் ஓட்டக்காரரும் இதில் முன்நின்றார்கள். அவர்கள் போட்ட கணக்கு எளிமையானது. மூடிக் கிடக்கும் டிராக்குகள் இருக்கின்றன. ஓய்வு பெற்ற, ஆனால் இன்னும் ஓட ஆசை விடாத பழைய கைகள் இருக்கிறார்கள். வாய்ப்புக் கிடைக்காத இளைஞர்கள் இருக்கிறார்கள். இந்த மூன்றையும் சேர்த்து, சம்பளத்தை மட்டாக வைத்து, பக்கத்து ஊர்களை மோதவிட்டால் கூட்டம் வரும். 1960-இல் தொடங்கினார்கள். முதல் பட்டம் ரேலிக்கு. 1961, 1962 இரண்டு ஆண்டும் பூல் பைரேட்ஸ். 1963-இல் வுல்வர்ஹாம்ப்டன்.

நான்கே சீசனில் நிலைமை தலைகீழானது. கீழ் அடுக்கு வளர்ந்தது, மேல் அடுக்கு தேய்ந்தது. சவுத்தாம்ப்டன் 1963-இல் மூடப்பட்டபோது நேஷனல் லீக் கவலைப்பட வேண்டிய அளவுக்குச் சுருங்கியிருந்தது. வெஸ்ட் ஹாம் டிராக்கைத் திறந்து ஓர் இடத்தை நிரப்பினார்கள். அதுவும் போதாது என்று கண்ட்ரோல் போர்டு கீழே பார்த்தது. பிராவின்ஷியல் சாம்பியன் வுல்வர்ஹாம்ப்டன் மேலே வர வேண்டும், வராவிட்டால் பிராவின்ஷியல் லீக்குக்கு உரிமம் இல்லை.

கால்பந்து பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் என்ன சண்டை என்று தோன்றும். பட்டம் வென்ற அணி மேல் டிவிஷனுக்குப் போவது கொண்டாட வேண்டிய விஷயம்தானே? ஸ்பீட்வேயில் அது அப்படி இல்லை.

ஸ்பீட்வே ஓட்டக்காரருக்கு அன்று மாதச் சம்பளம் கிடையாது. ஒவ்வொரு முறை நாடாவுக்கு வந்து நிற்பதற்கு இவ்வளவு, எடுக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் இவ்வளவு என்று கணக்கு. மேல் அடுக்கில் இந்த விகிதம் அதிகம். ஆனால் ஸ்டேடியம் அதேதான், டிக்கெட் வாங்க வருகிற ஊர்க்காரர்களும் அவர்களேதான். செலவு ஏறும், வரவு ஏறும் என்று உறுதி இல்லை. அதைவிட முக்கியமானது, நேற்று வரை ஜெயித்துக்கொண்டிருந்த உள்ளூர்ப் பையன்கள் மேலே போனால் கடைசியில் வருவார்கள். உலக சாம்பியன் பட்டத்துக்கு ஓடுகிறவர்கள் எதிரே நிற்கும்போது வேறென்ன நடக்கும்? ஸ்பீட்வே ரசிகர் பெரிய பெயர்களைப் பார்க்க ஒருமுறை வருவார். தன் ஊர்ப் பையன் ஜெயிப்பதைப் பார்க்கத்தான் வாரா வாரம் வருவார்.

இன்னொன்று, எதிராளிகள். பிராவின்ஷியல் லீக்கில் வுல்வர்ஹாம்ப்டனுக்குப் பக்கத்திலேயே கிரேட்லி ஹீத் இருந்தது. நிலக்கரியும் இரும்பும் தொழிலான பிளாக் கன்ட்ரி வட்டாரத்தின் இரண்டு ஊர்கள். கிரேட்லியில் ஐவர் பிரவுன் என்ற வீரர். சொந்த டிராக்கில் அவரை முந்துவது சாதாரண காரியம் இல்லை. இந்த இரண்டு அணிகளும் மோதும் இரவுதான் இரு கிளப்புக்கும் கல்லாவை நிரப்புகிற இரவு. மேலே போனால் அது போய்விடும். பதிலுக்குக் கிடைப்பது சீசன் முழுக்க அதே ஏழு எதிரணிகள், திரும்பத் திரும்ப.

ஆகவே வுல்வர்ஹாம்ப்டன் மறுத்தது. வுல்வர்ஹாம்ப்டனைத் தனியாக விட்டுவிடாமல் மற்ற ப்ரொமோட்டர்களும் கூடவே நின்றார்கள். என்னை இந்தச் சீசனுக்கு இழுத்தது அந்த ஒற்றுமைதான். ஸ்பீட்வே ப்ரொமோட்டர்கள் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போவதற்குப் பேர் போனவர்கள் இல்லை. ஆளுக்கு ஆள் சொந்தப் பணம் போட்டு நடத்துகிறவர்கள். ஒருவரின் நல்ல ஓட்டக்காரரை இன்னொருவர் தட்டிக்கொண்டு போவது சகஜம். அப்படிப்பட்டவர்கள் சாம்பியன் கிளப்புக்காக எல்லோருடைய உரிமத்தையும் பணயம் வைத்தார்கள். இன்று ஒருவரை இழுத்துக்கொள்ள விட்டால் அடுத்த ஆண்டு இன்னொருவர், அதற்கடுத்த ஆண்டு மற்றொருவர் என்று லீக்கே மேல் அடுக்கின் உதிரிபாகக் கிடங்கு ஆகிவிடும் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது.

போர்டின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மேல் அடுக்கு செத்துவிட்டால் உலகத் தரமான வீரர்களுக்கு பிரிட்டனில் மேடை இருக்காது; சுவீடனின் ஓவே ஃபுண்டின், நியூசிலாந்தின் பாரி பிரிக்ஸ் போன்றவர்களைப் பார்க்க முடியாது. அந்தக் கவலை நிஜமானது. தவறு எங்கே என்றால், இரண்டாம் அடுக்கு என்பதே முதல் அடுக்குக்கு ஆள் அனுப்புவதற்காக இருக்கிற ஒன்று என்று போர்டு எடுத்துக்கொண்டதில்தான். 1960-இல் மூடிக் கிடந்த டிராக்குகளைத் திறந்தது மேல் அடுக்கு இல்லை.

சரி, லைசென்ஸ் இல்லாவிட்டால் என்ன ஆகும்? போட்டி நடத்துவதைப் போலீஸ் வந்து தடுக்கப் போவதில்லை. அடி விழுந்தது ஓட்டக்காரர்களுக்குத்தான். பிராவின்ஷியல் டிராக்கில் ஓடுகிறவர்களுக்கு உலக சாம்பியன்ஷிப்பின் கதவு மூடப்பட்டது. நேஷனல் லீக் நட்சத்திரங்கள் இந்த டிராக்குகள் பக்கமே வரக்கூடாது. அந்த ஆண்டு உலக இறுதிப் போட்டி சுவீடனின் கோதன்பர்க்கில் நடந்தது, பாரி பிரிக்ஸ் வென்றார். பிராவின்ஷியல் லீக்கிலிருந்து ஒருவரும் அதற்கு முயலக்கூட முடியவில்லை.

இதில் அதிகம் இழக்கக்கூடிய நிலையில் இருந்தவர் நியூகாசிலின் ஐவன் மேஜர். மேஜர் என்பது ராணுவப் பதவி இல்லை. பெயரின் உச்சரிப்பே அப்படித்தான். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 1939-இல் பிறந்தவர். 1957-இல், பதினேழு வயதில், இளம் மனைவியோடு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறி வந்து விம்பிள்டன் டிராக்கில் சேர்ந்தார். மைதான வேலைகள் செய்தார். ஓடக் கிடைத்த வாய்ப்பு சொற்பம், அதிலும் பெயர் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. ஊருக்கே திரும்பிப் போய்விட்டார்.

முதலில் வந்து ஆறு ஆண்டு கழித்து, 1963-இல், மைக் பார்க்கர் நடத்திய நியூகாசில் அணிக்கு மறுபடி வந்தார். இந்த முறை மேல் அடுக்கு இல்லை, பிராவின்ஷியல் லீக். ஒவ்வொரு ஆட்டத்திலும் நாலைந்து ஹீட், வாரா வாரம் வேறு வேறு டிராக். ஸ்பீட்வேயில் கற்றுக்கொள்ள வேறு குறுக்கு வழி கிடையாது. எக்ஸெட்டரின் நீளமான டிராக்கில் வேலை செய்வது சிறிய டிராக்கில் செய்யாது. மண் காய்ந்திருந்தால் ஒரு கோடு, நனைந்திருந்தால் வேறொரு கோடு. வந்த ஆண்டிலேயே பிராவின்ஷியல் லீக்கின் தனிநபர் பட்டத்தை வென்றார் மேஜர். 1964-இல் மறுபடியும் வென்றார். அதே ஆண்டு நியூகாசில் லீக் பட்டத்தையும் எடுத்தது.

அந்தச் சீசனின் மற்ற டிராக்குகளிலும் ஆட்டங்கள் தடங்கல் இல்லாமல் நடந்தன. நியூகாசிலில் திங்கள், பூலில் புதன், ஷெஃபீல்டில் வியாழன், எடின்பரோவில் சனி என்று ஒவ்வோர் ஊருக்கும் அதன் கிழமை இருந்தது. லண்டனில் ஹாக்னியை லென் சில்வர் கையில் எடுத்தார். எக்ஸெட்டருக்கு ஓடிக்கொண்டிருந்தவர் அவர். எடின்பரோவை நடத்திய இயன் ஹாஸ்கின்ஸ், ஆஸ்திரேலியாவில் ஸ்பீட்வேயைத் தொடங்கி வைத்ததாகப் பெயர் பெற்ற ஜானி ஹாஸ்கின்ஸின் மகன். டிரெவர் ரெட்மண்ட் முந்தைய ஆண்டு கார்ன்வாலின் செயின்ட் ஆஸ்டலில் அணி நடத்தியவர். 1964-இல் மூட்டை கட்டிக்கொண்டு ஸ்காட்லாந்துக்குப் போய் கிளாஸ்கோவின் ஒயிட் சிட்டி ஸ்டேடியத்தில் கடை விரித்தார். நாட்டின் தென்மேற்கு முனையிலிருந்து வடக்கே. உரிமம் இல்லாத ஒரு லீக்கில் புதுக் கிளப் தொடங்க ஆள் வந்தது என்றால், அந்த உரிமத்துக்கு என்ன மதிப்பு மிஞ்சியிருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தப் பக்கம் நேஷனல் லீக்கில் ஏழே அணிகள்: ஆக்ஸ்ஃபோர்டு, கவென்ட்ரி, பெல் வ்யூ, வெஸ்ட் ஹாம், விம்பிள்டன், நாரிச், ஸ்விண்டன். ஆக்ஸ்ஃபோர்டு பட்டம் வென்றது. சீசன் முடிந்ததும் நாரிச்சும் மூடியது, மிஞ்சியது ஆறு.

இந்த இழுபறியைத் தீர்க்க, மோட்டார் விளையாட்டுகளுக்குப் பொறுப்பான ராயல் ஆட்டோமொபைல் கிளப் தரப்பில் ஒரு விசாரணை ஏற்பாடானது. தலைமை லார்டு ஷாக்ராஸ். நூரம்பெர்க்கில் நாஜிகளுக்கு எதிராக பிரிட்டன் தரப்புத் தலைமை வழக்கறிஞராக வாதாடிய அதே ஹார்ட்லி ஷாக்ராஸ். மண் டிராக்கில் வட்டமடிக்கும் பைக்குகளின் பஞ்சாயத்துக்கு அப்படிப்பட்ட ஒருவரை அழைக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்தே விவகாரம் எவ்வளவு முற்றியிருந்தது என்று தெரிகிறது.

முடிவில் இரண்டு லீக்குகளும் ஒன்றாயின. 1965-இல் பிரிட்டிஷ் லீக் 18 அணிகளோடு தொடங்கியது. மேலிருந்து ஆறு, கீழிருந்து பதினொன்று, ரெஜ் ஃபியர்மன் மறுபடி திறந்த ஹாலிஃபாக்ஸ் ஒன்று. ஹாலிஃபாக்ஸ் அணியும் முழுக்கப் புதியது என்று சொல்ல முடியாது; மிடில்ஸ்பரோவின் பிராவின்ஷியல் அணி இடம் மாறி வந்ததுதான் அது. ப்ரொமோட்டர்களுக்கு பி.எஸ்.பி.ஏ. (பிரிட்டிஷ் ஸ்பீட்வே ப்ரொமோட்டர்ஸ் அசோசியேஷன்) என்ற சங்கம் உருவானது. அணிகளின் பலத்தைச் சமப்படுத்த ஓட்டக்காரர்களைப் பங்கிட்டுக் கொடுக்க ஒரு கமிட்டியும் வந்தது. தடைகள் நீங்கின.

கீழ் அடுக்குக்காரர்கள் மேலே வந்து அடிவாங்கினார்களா? முதல் ஆண்டுப் பட்டம் வெஸ்ட் ஹாமுக்கு, அதாவது பழைய மேல் அடுக்குக்கு. ஆனால் அடுத்த ஆண்டே, 1966-இல், ஹாலிஃபாக்ஸ் சாம்பியன். மிடில்ஸ்பரோவில் பிராவின்ஷியல் லீக்கில் ஓடிய எரிக் பூகாக்கும் எரிக் பூத்ராய்டும் அந்த அணியின் தூண்கள். 1969-இல் பூல். ஐவன் மேஜர் 1968, 1969, 1970 என்று வரிசையாக மூன்று முறை உலக சாம்பியன் ஆனார். முதல் பட்டம் வாங்கியபோது அவர் நியூகாசில் ஓட்டக்காரர்தான். மொத்தம் ஆறு உலகப் பட்டங்கள். மேல் அடுக்கு ஒருமுறை திருப்பி அனுப்பிய பையனை, இரண்டாம் அடுக்கு ஓட்டக்காரராக்கியது.

ஆனால் இணைப்பில் ஒரு விஷயம் தவறிப்போனது. எல்லோரும் மேலே வந்துவிட்டால் கீழே யார் இருப்பார்கள்? 1965-க்குப் பிறகு வரும் ஒரு பதினேழு வயதுப் பையன் எங்கே போய்க் கற்றுக்கொள்வான்? நேராகப் பிரிக்ஸோடும் மேஜரோடும் நாடாவில் நிற்க வேண்டும். விம்பிள்டனில் 1957-இல் மேஜருக்கு நடந்ததுதான் அவனுக்கும் நடக்கும். மூன்றே ஆண்டில் இது எல்லோருக்கும் உறைத்தது. 1968-இல் பிரிட்டிஷ் லீக் இரண்டாம் டிவிஷன் தொடங்கியது. பத்து அணிகள்: நெல்சன், கிரேஃபோர்டு, ரேலி, ரெடிங், மிடில்ஸ்பரோ, பிளிமத், கேன்டர்பரி, வேமத், பெரிக், இவற்றோடு பெல் வ்யூ கிளப்பின் இளையோர் அணியான பெல் வ்யூ கோல்ட்ஸ். முதல் இரண்டு பட்டமும் கோல்ட்ஸுக்கு. 1970-இல் அந்த அணி ராக்டேலுக்கு இடம் பெயர்ந்தது. அங்கே அந்த ஆண்டு ஓட வந்த இளைஞர்களில் ஒருவர் பீட்டர் காலின்ஸ். ஆறு ஆண்டு கழித்து, 1976-இல், அவர் உலக சாம்பியன். இங்கிலாந்தின் பாஸ்டனில் தொடங்கிய மைக்கேல் லீ, மிடில்ஸ்பரோவில் தொடங்கிய கேரி ஹாவ்லாக் என்று இந்தப் பட்டியல் நீளும்.

இத்தனைக்குப் பிறகும் 1995-இல் மறுபடி எல்லா அணிகளையும் ஒரே லீக்கில் சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டு சீசன்தான் தாங்கியது. 1997-இல் எலீட் லீக், பிரீமியர் லீக் என்று திரும்பப் பிரிந்தது. 2017-இல் பெயர்கள் மட்டும் மாறின: மேலே பிரீமியர்ஷிப், கீழே சாம்பியன்ஷிப்.

ஊர்கள்தான் நிற்கவில்லை. 2018-இல் சாம்பியன்ஷிப் பட்டத்தை வென்ற ஒர்க்கிங்டன், வென்ற கையோடு மூடிவிட்டது. நியூகாசில் 2022-இல் நின்றது. 1963-இல் போர்டு மேலே இழுக்கப் பார்த்த வுல்வர்ஹாம்ப்டனின் மான்மோர் கிரீன் டிராக்கில் கடைசி ஹீட் ஓடியது 2023-இல்.

பூல் என்ன ஆனது என்று கேட்பீர்கள். 2018-இல் பூல் பைரேட்ஸ் பிரீமியர்ஷிப்பின் சாம்பியன், நாட்டின் முதல் அணி. 2020 சீசனுக்கு அவர்கள் தாங்களாகவே இரண்டாம் அடுக்கைத் தேர்ந்தெடுத்தார்கள். யாரும் அவர்களைக் கீழே தள்ளவில்லை. கொரோனாவால் அந்தச் சீசன் நடக்காமல் போக, 2021-இல்தான் ஓட முடிந்தது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் சாம்பியன்ஷிப் பட்டம் அவர்களுக்கே. அறுபது ஆண்டுக்கு முன் பிராவின்ஷியல் லீக்கை இரண்டு முறை தொடர்ந்து வென்ற அதே விம்போர்ன் ரோடு ஸ்டேடியம், அதே புதன்கிழமை இரவு.